விசுவாசப் பிரமாணத்தை வாய் சொல்கிறது, மனசு எங்கேயோ இருக்கிறது: லெந்து நாட்களில் அடிப்படைக்குத் திரும்புவது எப்படி?

அஸ்தம்பட்டி ஜெபக்குழு (கேள்வி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

சேலத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் வீட்டு ஜெபக்குழு இது. 22 பேர். எழுபது தாண்டிய பாட்டிமார் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குக் கூடுகிறோம். வருகை குறையவில்லை. ஆனால் ஜெபம் என்றால் வேண்டுதல் பட்டியல் வாசிப்பது, செய்தி என்றால் அந்த வாரம் யூடியூபில் கேட்டதைத் திரும்பச் சொல்வது என்று ஆகிப்போயிற்று. "நாம விசுவாசிக்கிறது சரியா என்னென்ன?" என்ற கேள்வி எழுந்தால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

2027 லெந்து காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வழக்கம்போல மூன்று நாள் உயிர்மீட்சிக் கூட்டம் போடாமல், விசுவாசத்தின் அஸ்திபாரத்துக்கே திரும்பிப் போகலாம் என்று யோசனை. பிப்ரவரி 10 சாம்பல் புதன், மார்ச் 28 ஈஸ்டர். நடுவில் பெரிய வெள்ளி போக ஆறு வெள்ளி கிடைக்கிறது. எதை வைத்துப் படிப்பது, வாரத்துக்கு எவ்வளவு, வீட்டில் தினமும் என்ன செய்வது, முடிவில் ஏற்காட்டில் ஒருநாள் தியானம் வைக்கலாமா? இப்படி நடத்திப் பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவி.

---

உபதேசியார், சூரமங்கலம்

புதுசா ஒரு புத்தகமும் வாங்க வேண்டாங்க. ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோமே, நம் விசுவாசத்தின் சுருக்க அறிக்கையான அந்த அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமே போதும். பாட்டிக்கும் பேத்திக்கும் ஏற்கெனவே மனப்பாடம் என்பதுதான் அதன் பலம், அதுவேதான் அதன் கஷ்டமும்.

முதல் வெள்ளி (பிப்ரவரி 12) ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுங்கள். புத்தகம் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல், பிரமாணத்தை எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிஷம். கூட்டமாகச் சொல்லும்போது தடையில்லாமல் ஓடுகிற வாய், தனியாக எழுதும்போது நிற்கும். எந்த வரியில் நின்றது என்று அவரவர் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். பெரும்பாலும் "பாதாளத்தில் இறங்கினார்" விட்டுப்போகும், அல்லது "பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்" விட்டுப்போகும். தாளை யாரிடமும் காட்டச் சொல்லாதீர்கள், மார்க் போடாதீர்கள். மடித்து வேதாகமத்தில் வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து அவர்களே எடுத்துப் பார்க்கட்டும்.

அடுத்து ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். நம் தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். லத்தீனில் 'விசுவாசிக்கிறேன்' என்பது முதல் சொல்லாகவே வந்து நிற்கிறது. நமக்கோ, "பரிசுத்தமாயிருக்கிற பொதுவான திருச்சபையும், பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும், பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று ஐந்து பெரிய காரியங்களைச் சுமந்துகொண்டு போய் வாக்கியத்தின் வாலில் அந்தச் சொல் வருகிறது. அதற்குள் மூச்சு முடிந்து, வேகம் கூடி, ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். ஆகவே இந்த ஆறு வாரமும் உடைத்துச் சொல்லுங்கள்: "பாவமன்னிப்பு உண்டென்று விசுவாசிக்கிறேன்." நிறுத்தம், ஒரு மூச்சு. "சரீரம் உயிர்த்தெழுதல் உண்டென்று விசுவாசிக்கிறேன்." நிறுத்தம். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் அதே வரிகளில் இருக்கிறது. பிதாவைச் சொல்லும்போது "தேவனை விசுவாசிக்கிறேன்". பரிசுத்த ஆவியைச் சொல்லும்போது "ஆவியையும் விசுவாசிக்கிறேன்". சபைக்கு வரும்போது "உண்டென்று விசுவாசிக்கிறேன்". முதலாவது ஒருவர்மேல் சாய்வது, பின்னது ஒரு காரியம் மெய் என்று ஒப்புக்கொள்வது. நாம் சாய்வது திரியேக தேவன்மேல்தான், சபையின்மேல் அல்ல. ஆயர்மேலோ கமிட்டிமேலோ மனம் கசந்து ஆலயத்துக்கு வராமல் போனவர்களிடம் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பங்கு பிரிப்பதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. பிரமாணத்தை 12 பகுதியாகப் பிரிப்பது பழைய வழக்கம். 12-ஐ 6-ஆல் வகுத்து வாரம் இரண்டு என்று போட்டுவிடுவார்கள். கணக்கு சரி, படிப்பு சரியாக வராது. எல்லாப் பகுதிக்கும் ஒரே எடை இல்லை. இப்படிப் பிரியுங்கள்:

பிப்ரவரி 12: தாளில் எழுதுவதும், பிதாவும் படைப்பும் (1-ஆம் பகுதி). 19: குமாரன், அவர் பிறப்பு (2, 3). 26: பாடு, சிலுவை, மரணம், அடக்கம், அதாவது 4 மட்டும். மார்ச் 5: பாதாளம், உயிர்த்தெழுதல், பரமேறுதல், நியாயத்தீர்ப்பு (5, 6, 7). 12: பரிசுத்த ஆவி, திருச்சபை (8, 9). கடைசி வாரம் பாவமன்னிப்பு, 10 மட்டும். சரீர உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் (11, 12) ஈஸ்டருக்கு இருக்கட்டும்.

ஒரு மணி நேரத்தை இப்படிச் செலவிடலாம்: 5 நிமிஷம் அமைதி, பிறகு 51-ஆம் சங்கீதம். 10 நிமிஷம் பிரமாணம், உடைத்து, இரண்டு தரம். 20 நிமிஷம் வேத வாசிப்பு, இரண்டு பகுதி, இரண்டு குரலில். 15 நிமிஷம் பேச்சு. 10 நிமிஷம் அன்றைய பகுதியையே ஜெபமாக்குதல். பேச்சுக்கு ஒரே கேள்வி: "இது மெய்யென்றால் இந்த வாரம் எனக்கு எது மாறணும்?" பேச்சு 15 நிமிஷத்தைத் தாண்டினால் மணி அடித்து நிறுத்துங்கள். இரண்டு பேர் பேசி இருபது பேர் கேட்கிற கூட்டமாக மாறுவது அந்த இடத்தில்தான்.

வீட்டில் காலை ஐந்து நிமிஷம், இரவு ஐந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். காலையில் பிரமாணம் ஒருமுறை மெதுவாக, பின் அந்த வாரப் பகுதியை தேவனைப் பார்த்துச் சொல்வது: "வானத்தையும் பூமியையும் படைத்தவரே, இன்றைக்கு இந்த உடம்பும் உம்முடைய கை வேலை." இரவில் மாற்கு சுவிசேஷம். பிரமாணத்தில் கன்னிமரியாளுக்கு அடுத்து நேராக, சிலுவைத் தீர்ப்புக் கொடுத்த பொந்தியு பிலாத்து வந்துவிடுகிறார். நடுவில் கர்த்தர் போதித்தது, சுகமாக்கினது, பாவிகளோடு பந்தியிருந்தது எதுவும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மாற்கு. 16 அதிகாரம், வாரம் மூன்று வாசித்தால் ஆறாவது வாரத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.

சறுக்கும் இடம் என்றால், முதல் நாளே பாவப் பட்டியலோடு தொடங்குவது. பிரமாணம் அப்படித் தொடங்கவில்லை. பிதா படைத்தார், குமாரன் வந்தார், ஆவியானவர் இருக்கிறார் என்று தேவன் செய்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பாவமன்னிப்பு வருகிறது, அதுவும் மன்னிப்பாகவே வருகிறது. வரிசையை மாற்றினால் ஜனங்கள் குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போவார்கள். மூன்றாவது வாரம் வரமாட்டார்கள். வராமல் போனதற்கு "ஆவிக்குரிய அனல் இல்லை" என்று நாம் காரணம் சொல்லிக்கொள்வோம். அவர்களிடம் குறையில்லை, நாம் வாசலை மாற்றி வைத்துவிட்டோம்.

---

ஜங்ஷன் சகோதரன்

ஐயா சொன்ன ஒழுங்கு நல்லது. ஆனால் ஒரு கேள்வி மனதில் இருக்கிறது. மனுஷர் தொகுத்த ஒரு அறிக்கையை ஏன் அஸ்திபாரமாக வைக்க வேண்டும்? வேதத்தையே நேராக எடுத்தால் போதாதா? எபிரெயர் 6:1, 2-இல் அஸ்திபாரம் என்றே ஆறு காரியம் வரிசையாக வருகிறது: மனந்திரும்புதல், தேவன்பேரில் வைக்கும் விசுவாசம், ஸ்நானங்களுக்கடுத்த உபதேசம், கைகளை வைக்குதல், மரித்தோரின் உயிர்த்தெழுதல், நித்திய நியாயத்தீர்ப்பு. ஆறு வாரத்துக்கு ஆறு. அதோடு, பிரமாணத்தில் பரிசுத்த ஆவியானவருக்கு ஒரே வரிதான். ஆவியானவர் இல்லாத புதுப்பித்தல் வெறும் பாடமாகத்தானே இருக்கும்?

---

இறையியல் வாசகர், ஆத்தூர்

சகோதரன் கேட்டது நியாயமான கேள்வி. தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

அறிக்கையிடுவது வேதத்துக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல. 1 கொரிந்தியர் 15:3, 4-ஐ எடுங்கள். பவுல் "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்" என்று சொல்லித்தான் தொடங்குகிறார். கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். அந்த நிருபம் எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 55. அதற்கும் முன்பே தான் பெற்றுக்கொண்டதாக அவர் சொல்கிறார் என்றால், சபை வாயால் சொல்லிக் கைமாற்றிய அறிக்கை அந்த நிருபத்தைவிடப் பழையது. ரோமர் 10:9-இலும் வாயின் அறிக்கையும் இருதயத்தின் விசுவாசமும் ஒன்றாகவே வருகின்றன.

பிரமாணம் இன்றைய சொல்லமைப்பைப் பெற்றது பல நூற்றாண்டு கழித்துத்தான். அப்போஸ்தலர் பன்னிருவரும் ஆளுக்கொரு வரி சொன்னார்கள் என்பது பின்னால் பரவிய மரபுக்கதை, அதை வகுப்பில் சரித்திரமாகச் சொல்ல வேண்டாம். ஆனால் இதன் வேர் ஞானஸ்நானத்தில் இருக்கிறது. பழைய சபையில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களுக்கு லெந்து நாட்களில் பிரமாணத்தை வாய்மொழியாக ஒப்புவிப்பார்கள். அவர்கள் அதை மனதில் ஏற்றி, சபைக்கு முன் திருப்பி ஒப்புவிக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராயிருந்த அகுஸ்தீன், அதை ஒரு கண்ணாடிபோல வைத்துத் தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அஸ்தம்பட்டி குழு இப்போது செய்யப்போவதும் அதே வேலைதான், அதே நாட்களில்.

நம் மொழியிலும் வழி அப்படித்தான் தொடங்கிற்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமுள்ள ஒரு சிறு ஞானோபதேச நூல். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715. சேலத்துக்கு லண்டன் மிஷன் ஊழியம் 1827-இல் வந்தது. சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது, அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் விசுவாசத்துக்குச் சாட்சியாகவும் காவலாகவும் ஏற்றுக்கொண்டது. அஸ்திபாரம் கிறிஸ்து, பிரமாணம் அந்தச் சொத்தைச் சுற்றி நிற்கிற வேலி. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்கு வேலி எதற்கோ அதற்குத்தான் இதுவும். வேலியில் காப்பி காய்க்காது, ஆனால் வேலி இல்லாத இடத்தில் காட்டெருமை நுழையும்.

பொந்தியு பிலாத்து பெயர் ஏன் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். யூதேயாவில் கி.பி. 26 முதல் 36 வரை ஆண்ட ரோம அதிகாரி. அவர் பெயர் பொறித்த கல் ஒன்று 1961-இல் செசரியாவில் கிடைத்தது. இரட்சிப்பு "ஒரு ஊரில்" என்று தொடங்கும் கதை அல்ல, இன்ன ஆட்சியில், இன்ன இடத்தில் நடந்தது என்று பிரமாணம் நாள் குறித்துவிடுகிறது. காலேஜ் பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடிக்கும், இதில் நேரம் கொடுங்கள்.

இரண்டு சொல்லை விளக்காமல் தாண்டக் கூடாது. "பாதாளம்" நரகம் அல்ல, மரித்தோர் இருக்கும் இடம். அவர் மெய்யாகவே செத்தார், சாவின் கடைசிப் படிவரை இறங்கினார் என்பதே பொருள். "பொதுவான" என்பதைச் 'சாதாரணமான' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய ஒரே சபை என்பது அதன் பொருள்.

ஆவியானவரைப் பற்றிச் சகோதரன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மார்ச் 12 கூட்டத்தில் அப்போஸ்தலர் 2-ஐ முழுதாக வாசியுங்கள், துண்டு துண்டாக வேண்டாம். 42-ஆம் வசனத்தில் நான்கு காரியம் உண்டு: அப்போஸ்தலருடைய உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். ஆவியானவர் இறங்கின அந்த நாளின் பலன் இந்த நான்கில் உறுதியாய்த் தரித்திருந்தது. உணர்ச்சி வந்தது, அது போகவும் செய்திருக்கும். தரித்திருந்தது இந்த நான்கும்தான்.

எபிரெயர் 6-இல் ஒரே எச்சரிக்கை. ஸ்நானத்துக்கும் கைவைத்தலுக்கும் தனித்தனி வாரம் ஒதுக்கினால், முழுக்கா தெளிப்பா என்ற வாதம் வந்து ஆறு வாரத்தையும் விழுங்கும். கடைசிக் காலத்தைப் பற்றிய இரகசிய வருகை, அந்திக்கிறிஸ்து அட்டவணை வாதங்களும் அப்படியே. "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்பதோடு பிரமாணம் நிறுத்திக்கொள்கிறது. இந்த லெந்தில் நீங்களும் அங்கேயே நிறுத்துங்கள்.

---

மறைக்கல்வி, அரிசிப்பாளையம்

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஓரிரு வார்த்தை.

எங்கள் நம்பிக்கை அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக "பாவ மன்னிப்பை நம்புகிறேன். உடலின் உயிர்ப்பை நம்புகிறேன். நிலை வாழ்வை நம்புகிறேன்" என்று வருகிறது. உபதேசியார் ஐயா உடைத்துச் சொல்லச் சொன்னது அங்கே அச்சிலேயே இருக்கிறது. உங்கள் "பொதுவான திருச்சபை", எங்கள் "கத்தோலிக்கத் திரு அவை", இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் இரண்டு தமிழ். கலப்புக் குடும்பங்கள் சேலத்தில் நிறைய உண்டு. குழுவில் அப்படி யாராவது இருந்தால் இரண்டு பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். சொல் வேறு, பொருள் ஒன்று என்பது கண்ணால் பார்த்தாலே புரியும்.

எங்கள் அன்பியக் (அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) கூட்டங்களில் தவக்காலப் பயிற்சி முடியுமிடம் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு. அன்றிரவு மெழுகுவத்தியைக் கையில் பிடித்துத் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று முதலில் கேள்வி, "விட்டுவிடுகிறோம்" என்று பதில். பிறகு தந்தை, மகன், தூய ஆவி என்று வரிசையாக நம்புகிறீர்களா என்று கேள்வி, "நம்புகிறோம்" என்று பதில். பாடத்துக்கு இப்படி ஒரு முடிவு இருந்தால்தான் ஜனங்கள் ஏதோ ஒன்றை நோக்கி நடப்பார்கள். உங்கள் வழிபாட்டிலும் ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பிக்க இடமிருக்கிறதா என்று ஆயரிடம் இப்போதே கேளுங்கள். லெந்து தொடங்கிய பிறகு கேட்டால் ஆலய நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

பாவமன்னிப்புக்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்கியது மிகச் சரி. அறிக்கையில் எல்லோரும் சொல்வது, மனதில் குறைவாக நம்புவது அதைத்தான். எங்களுக்கு ஒப்புரவு அருளடையாளம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) இருக்கிறது. குருவானவர் மன்னிப்பு வழங்கும் வார்த்தைகளைக் காதால் கேட்கிறோம். உங்கள் முறையிலும் பொதுப் பாவ அறிக்கைக்குப் பின் ஆயர் பாவவிமோசனம் கூறுகிறார் அல்லவா? அந்த வார்த்தையின்போது தலை குனிந்தபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். அந்த நேரம் நிமிர்ந்து, கேட்டு, ஆமென் சொல்லப் பழக்குங்கள். சிறிய காரியம்தான், ஆனால் மன்னிப்பு வெளியிலிருந்து வருவது, நாமே நமக்குச் சொல்லிக்கொள்வது அல்ல என்பது அதில்தான் பதியும்.

---

அஸ்தம்பட்டி ஜெபக்குழு

எல்லோருக்கும் நன்றி. எபிரெயர் 6-ஐ வாசிப்புப் பகுதியாக மட்டும் முதல் வாரத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

இன்னும் மூன்று சந்தேகம். பாட்டிமாரில் நான்கு பேருக்கு எழுதப் படிக்க வராது, தாளில் எழுதும் பயிற்சிக்கு என்ன செய்வது? மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். குழுவில் நெடுநாள் நோயாளி ஒருவர் உண்டு, "சர்வவல்லமையுள்ள பிதா" என்ற பகுதி வரும்போது எப்படிப் பேசுவது என்று தயக்கமாக இருக்கிறது. ஏற்காடு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

நாகலூர் தோட்டம்

ஏற்காடு பற்றி.

மார்ச் 20 சனிக்கிழமை வையுங்கள், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். மலையில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரியோடு முடிந்துவிடும். மார்ச்சில் தோட்டத்து ஜனங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் உண்டு. இங்குள்ள சபையாரையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால் அதுதான் தோதான காலம். மே மாதம் வைத்துவிடாதீர்கள், கோடை விழா நெரிசலில் அமைதி என்பதே கிடையாது.

சனிக்கிழமையும் கூட்டம் ஏறும். அதனால் சேலத்தில் காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். அடிவாரம் வழி 20 கொண்டை ஊசி வளைவு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் நாலு பேராவது வாந்தி எடுப்பார்கள், தியானத்தின் முதல் மணி நேரம் அதிலேயே போய்விடும். கீழே டீயும் ரஸ்க்கும், மேலே வந்து இட்லி. வளைவு ஒத்துக்கொள்ளாதவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில் ஏரிக்கரை, பகோடா பாயின்ட் இரண்டையும் மறந்துவிடுங்கள். படகுத்துறைச் சத்தம், சுற்றுலா வேன், செல்ஃபி. துறவற சபையார் நடத்தும் தியான இல்லங்கள் ஏற்காட்டில் இருக்கின்றன, சி.எஸ்.ஐ. ஆலயமும் உண்டு. இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். தவக்காலச் சனிக்கிழமைகளுக்குப் போட்டி அதிகம். கேட்கும்போது மூன்று காரியத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: உட்கார ஒரு கூடம், தனித்தனியாக நடக்க மரத்தடி, மதியத்துக்குச் சைவச் சாப்பாடு. உபவாசம் இருப்பவர்களுக்குக் கஞ்சி. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களை உபவாசத்தில் சேர்க்காதீர்கள். அவர்களே கேட்டாலும் வேண்டாம்.

மைக் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். 22 பேருக்குக் குரல் போதும். போன்களை ஒரு பையில் வாங்கி வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஒரே ஒரு போன் பொறுப்பாளரிடம் இருக்கட்டும், அந்த நம்பரை எல்லோர் வீட்டிலும் முன்பே கொடுத்துவிட்டு வாருங்கள். பாவமன்னிப்புதான் அன்றைய பகுதி என்பதால் காலை லூக்கா 15, அடுத்து 45 நிமிஷம் மௌனம், பிறகு 32-ஆம் சங்கீதம், மறுபடி மௌனம். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் இருபது நிமிஷம் நெளியும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். மதியம் ஆயரோடு தனியாகப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று ஒரு நாற்காலியைக் கூடத்துக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற, ஆனால் காதில் விழாத தூரத்தில் போடுங்கள். கட்டாயம் கூடாது.

பாவங்களைத் தாளில் எழுதி எரிக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. மலையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். மார்ச்சில் சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும் காடு பற்றிக்கொள்ள. எழுதினால் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஊற வையுங்கள், தாள் நைந்துபோகும். தண்ணீருக்கும் ஞானஸ்நானத்துக்கும் உள்ள உறவைத் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

மாலை 4 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். அந்தி மயங்கினால் வளைவுகளில் மூடுபனி இறங்கும் நாளும் உண்டு. மலைப்பாதையில் மண் சரிந்தோ வேலை நடந்தோ அடைத்திருந்தால் குப்பனூர் வழி இறங்கலாம், ஓட்டுநரிடம் அந்த வழி தெரியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

ஆஸ்பத்திரி ஊழியம், சேலம்

நோயாளி இருக்கும் குழுவில் முதல் பகுதியை எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். மிக முக்கியமான கேள்வி.

"சர்வவல்லமையுள்ள பிதா" என்பதில் இரண்டு சொல் இருக்கிறது, ஒன்றை மட்டும் பிரித்து எடுத்தால் காயப்படுத்தும். வல்லமையை மட்டும் எடுத்தால், "அவரால் முடியும், உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகமில்லை" என்ற பேச்சுக்குப் போய் நிற்கும். படுக்கையில் இருப்பவரிடம் இதைச் சொல்வது பாவம், வேறு சொல் இல்லை. பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் மாம்சத்தின் முள், அதாவது அவரை வாதித்த உபாதை, எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான் பதிலாக வந்தது (2 கொரிந்தியர் 12). அந்த வாரம் அதை வாசியுங்கள். சுகத்துக்காக ஜெபியுங்கள், தைரியமாகவே ஜெபியுங்கள். சுகம் வராததற்கு அவர்மேல் காரணம் தேடாதீர்கள். அவர் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் பிரமாணத்தை அவரோடு சேர்ந்து சொல்லிவிட்டு, பதினைந்து நிமிஷத்தில் எழுந்து வாருங்கள்.

இன்னொன்று. "ஜெபிக்கவே முடியவில்லை, எல்லாம் வறண்டுபோயிற்று" என்று யாராவது சொன்னால் உடனே விசுவாசக் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். தூக்கம், பசி இரண்டும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. வறட்சி மட்டும் என்றால் மாற்கு 9:24-இல் பிள்ளையின் சுகத்துக்காக வந்த தகப்பன் கதறின ஒரே வாக்கியத்தை ஜெபமாகக் கொடுங்கள்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். அன்றைக்கு அது போதும்.

---

உபதேசியார், சூரமங்கலம்

பாட்டிமாருக்குத் தாள் வேண்டாங்க, கை போதும். கட்டைவிரலை விட்டால் நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் 12. பூ எண்ணுகிற மாதிரி கட்டைவிரலால் கணுவைத் தொட்டுத் தொட்டுச் சொல்லட்டும். சுண்டுவிரலில் முடியும்படி ஆள்காட்டி விரலில் தொடங்குங்கள்: பிதா, குமாரன், பிறப்பு. நடுவிரல்: பாடும் மரணமும், உயிர்த்தெழுதல், பரமேறுதல். மோதிர விரல்: நியாயத்தீர்ப்பு, பரிசுத்த ஆவி, திருச்சபை. சுண்டுவிரல்: பாவமன்னிப்பு, சரீர உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன். எந்தக் கணுவில் விரல் நிற்கிறதோ அதுதான் அவர்கள் கோடு போடும் இடம். எழுதத் தெரிந்தவர்களையும் இரண்டாம் வாரத்திலிருந்து இப்படியே பழக்குங்கள். பஸ்ஸிலும் அடுப்படியிலும் தாள் கையில் இருக்காது, விரல் இருக்கும்.

தேர்வெழுதும் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு இழுக்காதீர்கள். காலை ஐந்து நிமிஷமும் விரல் கணக்கும் மட்டும் போதும் என்று பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். வராததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

மீதி வைத்த 11, 12-க்கு ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஆலயத்துக்குள் "சரீரம் உயிர்த்தெழுதல்" என்று சொல்வது ஒரு விதம், அப்பா அம்மாவைப் புதைத்த மண்ணின்மேல் நின்று சொல்வது வேறு விதம். 1 கொரிந்தியர் 15:51 முதல் 57 வரை வாசித்தால் மூன்று நிமிஷம்கூட ஆகாது. சபைச் செயலரிடம் கேட் சாவிக்கு முந்தின வாரமே சொல்லி வையுங்கள். ஆறு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டில் பாட்டிமார் கால் இடறும். பிரமாணத்தை அங்கே தொடங்கி வைக்கும் குரல் அந்த நான்கு பாட்டிமாரில் ஒருவருடையதாக இருக்கட்டும். ஆறு வாரமும் விரலில் எண்ணி வந்திருப்பார், தடுமாற மாட்டார்.